ஏகமனதாக ஒரு கொலை

1

கதவைத் திறந்த துப்புரவுப் பணியாளர் அலறினார்.

இரண்டு முகக்கவசங்களைத் தாண்டி வந்த அலறல்... யார் காதிலும் விழவில்லை.

விழுவதற்கு ஆள் வேண்டுமே! பன்னிரண்டாயிரம் பேர் படிக்கும் அந்தப் பல்கலைக்கழகம் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. பாடம் கம்ப்யூட்டரில். பரீட்சை கம்ப்யூட்டரில். பட்டமளிப்பு விழாவைக்கூடக் கம்ப்யூட்டரிலேயே நடத்தி முடித்திருந்தார்கள். பட்டம் வாங்கியவர்கள் அவரவர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே கை தட்டிக்கொண்டார்கள். கணிதத் துறைக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் அன்று காலை பத்தேகால் மணிக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பெண்மணி ஒருவர்தான்.

முதுகில் கட்டியிருந்த கிருமிநாசினிக் கேன் இடிக்க இடிக்கப் படியிறங்கி ஓடினார்.

அவர் விட்டுவிட்டு ஓடிய அறையில்...

கணிதத் துறைத் தலைவர் உட்கார்ந்த வாக்கில் மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி லேப்டாப் சார்ஜரின் கறுப்பு ஒயர். ஏ.சி. பதினாறு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் யாரைக் கேட்டாலும் 'ஆட்சேபணை சார்' என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கல்விக்குழுவில் உறுப்பினர். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஆட்சேபணை தெரிவிக்காமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை. நூலகத்தைக் கால் மணி நேரம் முன்னதாகத் திறக்கும் தீர்மானத்தையே முக்கால் மணி நேரம் எதிர்த்துப் பேசிய மனுஷர்!

இப்போது எதற்கும் ஆட்சேபணை இல்லாமல் கிடந்தார்.

2

பெண் இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயது. பேசிக்கொண்டே வேலை செய்கிற ரகம். முகக்கவசம் வந்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினார். கூடவே ஒரு ஏட்டு. சானிடைசர் பாட்டிலைத் துப்பாக்கியைவிட பத்திரமாக வைத்திருந்தார்.

போலீஸ் டாக்டர் உடலைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"ரூம் ஐஸ்பெட்டி மாதிரி இருக்கு மேடம். நேத்து மத்தியானம் ரெண்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எப்ப வேணா நடந்திருக்கலாம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கதவுக்கு வெளியே, தரையில், ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே ரத்த அழுத்த மாத்திரை, புது முகக்கவசங்கள், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் சின்னக் கருவி. யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை.

"நேரத்தைப் பத்தி நான் சொல்றேன் மேடம்."

பின்னாலிருந்து வந்த குரலுக்குச் சொந்தக்காரர் பல்கலைக்கழகத்தின் பதிவாளர். ஐம்பத்தைந்து வயது. கோட்டு, சூட்டு, முகக்கவசம், இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. ஆறடி தள்ளி நின்றே அழுதார். பதினான்கு வருடப் பழக்கம் என்றார்.

அவர் சொன்ன விவரம் இதுதான். நேற்று மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை கல்விக்குழுக் கூட்டம். தொற்று காலம் என்பதால் வீடியோவில். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். பெரும்பாலோர் வீட்டிலிருந்து கலந்துகொண்டார்கள். ஆட்சேபணை சாருக்கு வீட்டில் இணைய வசதி சரியில்லை. அதனால் தன் அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடியும்வரை திரையில் இருந்தார். இருபது பேரும் பார்த்தார்கள். எல்லாம் பதிவாகி இருக்கிறது.

"ஆக, நாலரை மணிக்கு உயிரோட இருந்தார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாவே இருந்தார். முக்கியமான தீர்மானத்துக்குக் கையைக்கூடத் தூக்கினார்."

அந்த முக்கியமான தீர்மானத்தைப் பற்றித் துணைவேந்தர் விளக்கினார். தன் அறைக்கு வரவழைத்து, மேஜைமேல் இருந்த ஒரு கட்டட மாதிரியைக் காட்டிக் காட்டி விளக்கினார். கடலுக்கு அப்பால் ஒரு நாட்டில் பல்கலைக்கழகத்தின் கிளை. உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் மட்டும் கடல் தாண்டிக் கதவைத் திறக்கப் போகிறார்கள்! அந்த நாட்டுக்காரர்கள் போட்ட கறாரான நிபந்தனை ஒன்றே ஒன்று. கல்விக்குழு ஏகமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் அனுமதி இல்லை. நேற்று ஏகமனதாக நிறைவேறிவிட்டது. இன்று நாலு மணிக்கு வீடியோவில் கையெழுத்து. புதுக் கிளைக்கு முதல் இயக்குநராகப் போகப் போகிறவர் நம் பதிவாளர்.

"ஒரு கொலை நடந்திருக்கு சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

துணைவேந்தர் அதற்கும் வருத்தப்பட்டார். நாலு மணிக்குள் வழக்கை முடித்துவிட்டால் வெளிநாட்டுக்காரர்களிடம் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்றார்.

வழக்கு முடிகிற மாதிரிதான் தெரிந்தது. வாசல் காவலாளியின் நோட்டில் நேற்று உள்ளே வந்த வெளியாள் ஒரே ஒருவர். வந்த நேரம் நாலு ஐம்பது. போன நேரம் ஐந்தே கால்.

உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதியிருந்தது.

3

மகள் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியின் தொற்று வார்டில் வேலை. முகக்கவசம் அழுத்தி அழுத்தி மூக்கின்மேல் புண்ணாகிக் காய்ந்திருந்தது. துறையின் வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ்.

நாலு மாதமாக அப்பாவைத் தொடவில்லை என்றாள். வார்டில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த விடுதியில் தங்கல். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவாள். பையைக் கதவடியில் வைத்துவிட்டுத் தட்டுவாள். பத்து அடி பின்னால் போய் நிற்பாள். அப்பா கதவைத் திறந்து பையை எடுப்பார். அங்கிருந்தே இருவரும் பேசுவார்கள். அதாவது அவர் குறை சொல்வார், இவள் கேட்பாள்.

நேற்றுக் காலை போனில் சண்டை. வார்டு வேலை இன்னொரு மாதம் நீடிக்கிறது என்று இவள் சொல்ல, ராஜினாமா செய் என்று அவர் சொல்ல, இவள் மறுக்க... இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று வைத்துவிட்டாராம். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கேட்டிருக்கிறார். போலீசிடமும் சொல்லிவிட்டார்.

"இருந்தும் வந்தீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாத்திரை தீர்ந்திருக்கும் மேடம். தட்டினேன். திறக்கல. கோவம்னு நினைச்சேன். இருபது நிமிஷம் நின்னேன். 'அப்பா, பேச வேணாம், மாத்திரையை மட்டும் எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"நான் வெளிய நின்னப்ப அவர் உள்ள உயிரோட இருந்தாரா மேடம்? கேட்டுக்கிட்டே திறக்காம இருந்தாரா? எனக்கு அது மட்டும் தெரியணும்."

கைது செய்யப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலுக்கு இன்ஸ்பெக்டர்தான் வேறு ஒன்று கேட்டார். வெளிநாட்டுக் கிளை பற்றி அப்பா ஏதாவது சொன்னாரா?

சொல்லியிருந்தார். மூன்று வாரமாக வேறு எதையும் பேசவில்லையாம்.

"ஒன்பது பக்கம் ஆட்சேபணை எழுதி வெச்சிருந்தார். ஆன்லைன்ல நடந்த பரீட்சைல நாலாயிரம் விடைத்தாள் வந்திருக்கு. ஒண்ணைக்கூட யாரும் பிரிச்சுப் படிக்கலையாம். குத்துமதிப்பா மார்க்கைப் போட்டு எல்லாரையும் பாஸ் பண்ணிட்டாங்களாம். அந்த மார்க்கைக் காட்டித்தான் வெளிநாட்டுக்காரங்ககிட்ட தரமான பல்கலைக்கழகம்னு பேர் வாங்கியிருக்காங்க. கூட்டத்துல முழுசாப் படிச்சுக் குறிப்புல ஏத்துவேன்னார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

ஒன்பது பக்கம் எழுதிவைத்தவர்... ஒரு வார்த்தை பேசாமல் கையைத் தூக்கியிருக்கிறார்.

அறையில் ஒன்பது பக்கம் இல்லை. ஒரு பக்கம்கூட இல்லை. லேப்டாப்பிலும் அப்படி எதுவும் இல்லை.

4

பன்னிரண்டரை. கம்ப்யூட்டர் பிரிவு அறை.

கூட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டியவர் அந்தப் பிரிவின் இன்ஜினீயர். நேற்று ஆட்சேபணை சார் தன்னிடம் கடைசியாகப் பேசியது இரண்டு நாற்பதுக்கு என்றார். போனில் கூப்பிட்டு, ஒலி சரியில்லை, உன் இலாகாவே சரியில்லை என்று திட்டினாராம்.

திரையில் இருபத்தொரு கட்டம். இருபத்தொரு முகம். நடுநாயகமாகப் பதிவாளர், தன் அறையில், அங்கேயும் முகக்கவசத்தோடு. இரண்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தீர்மானங்களைக் கணீரென்று வாசித்துக்கொண்டு போனார். துணைவேந்தர் தலையாட்டினார். தாவரவியல் தலைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். ஆட்சேபணை சார் மூன்றாவது வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வந்தது. படித்தவர்கள் கூடினால் இவ்வளவு நேரம் எதுவுமே நடக்காமல் இருக்க முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

"மேடம்" என்றார் ஏட்டு, தயங்கித் தயங்கி. "நான் ஏதாவது தப்பா சொன்னா திட்டாதீங்க. இந்த ஐயா ஏழு தடவை தண்ணி குடிச்சிட்டார். டம்ளர் குறையவே மாட்டேங்குது."

ஓட்டிப் பார்த்தார்கள்.

எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்சேபணை சார் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். இடது பக்கம் பார்த்தார். டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். வைத்தார். மறுபடி எட்டு நிமிடம் கழித்து... அதே கண்ணாடி, அதே இடது பக்கம், அதே மடக்கு!

அது ஆட்சேபணை சார் இல்லை. அவருடைய எட்டு நிமிடம்.

இன்ஜினீயர் கொஞ்சம் தேடிக் கண்டுபிடித்தார். போன மாதம் பதிவான ஒரு வகுப்பு. மாணவர்கள் உள்ளே வருவதற்காக அவர் காத்திருந்த நேரத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"அன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அறுபது பேர்ல நாலு பேர் மேடம். அவர் எட்டு நிமிஷம் பார்த்துட்டு அந்த நாலு பேருக்கு ஒரு மணி நேரம் நடத்தினார்."

இன்ஸ்பெக்டருக்கு அந்த ஆளை முதன்முறையாகப் பிடித்துப் போனது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. கூட்டம் தொடங்கும்போதே இவர் உயிரோடு இல்லை என்றால் மகளுக்கும் கொலைக்கும் சம்பந்தமே கிடையாது.

5

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் கல்விக்குழு முழுவதையும் மறுபடி திரையில் கூட்டினார். எட்டு நிமிடத்தை மூன்று தடவை ஓடவிட்டார்.

"சார் கழுத்துல ஒயரைச் சுத்திட்டு, யாரோ அவர் லேப்டாப்பில இதை ஓடவிட்டிருக்காங்க. ஓட்டு நேரத்துல கை தூக்குற பொத்தானையும் அமுக்கியிருக்காங்க. உங்க முன்னாடி ஒன்றரை மணி நேரம் இருந்தது பொம்மை."

கட்டங்களில் சிலர் அவசரமாக மைக்கை அணைத்தார்கள்.

பதிவாளர்தான் தொண்டையைக் கனைத்தார். முகத்தில் தர்மசங்கடம்.

"மன்னிக்கணும் மேடம். ஒரு அப்பாவிப் பொண்ணைக் காப்பாத்த நினைக்கிறீங்க, புரியுது. ஆனா உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். இந்த வேலை ஆட்சேபணை சாருக்கு வேற யாரும் பண்ணி விட வேண்டியதில்ல. அவரே பண்ணியிருப்பார். ஏன்னா..."

நிறுத்தினார்.

"ஏன்னா எல்லாரும் பண்றாங்க. நண்பர்களே, கையைத் தூக்குங்க. நேத்து யார் யார் நிஜமா உட்கார்ந்திருந்தீங்க?"

ஒரு கைகூடத் தூக்கப்படவில்லை!

பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். வாரத்துக்கு ஐந்து கூட்டம், எதிலும் பேச வாய்ப்பில்லை, முகம் மட்டும் தெரிந்தால் போதும். யாரோ ஒருவர் கண்டுபிடிக்க, எல்லோரும் கற்றுக்கொண்டு, மாதக் கணக்காக நடக்கிறது. ஓட்டு நேரத்தில் மட்டும் இருந்த இடத்திலிருந்தே போனில் கை தூக்கும் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். இயற்பியல்காரர் தம்பிக்கு ஆக்ஸிஜன் படுக்கை தேடி மூன்று ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார். தம்பி இப்போது இல்லை. வரலாற்றுக்காரர் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு பேராசிரியை தன் இரண்டு பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு நடுவே உட்கார்ந்து அவர்களைப் பாடம் கவனிக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். துணைவேந்தர் பக்கத்து லேப்டாப்பில் வெளிநாட்டுக் கட்டடக்காரர்களோடு இரண்டரையிலிருந்து ஐந்துவரை தரைக் கல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாவரவியல் தலைவி மட்டும் சிடுசிடுத்தார்.

"நான் பாதியில திரும்பி வந்தேன். கேள்விகூடக் கேட்டேன். பதிவாளர் வழக்கம்போல காதுல வாங்கிக்கல. பொம்பளை கேட்டா இங்க யாருக்குக் காது கேக்கும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அதுவும் வழக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் அடிபட்டு நின்றார். எல்லோரும் பொம்மை என்றால் ஆட்சேபணை சாரும் பொம்மை போட்டுவிட்டு அறையில் உயிரோடு இருந்திருக்கலாம். பொத்தானை அவரே அமுக்கியிருக்கலாம். நாலு ஐம்பதுக்கு மகள் வந்தாள் என்பது மட்டும் மறுபடி எழுந்து நின்றது.

மூன்று மணிக்கு மேலதிகாரியின் போன். துணைவேந்தர் அவரிடம் பேசிவிட்டார். அரை மணி நேரம் தருகிறேன், அதற்குள் பெண்ணை வண்டியில் ஏற்று என்றார்.

6

வராந்தா பெஞ்சில் அவள் அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு வார்டில் ஆள் மாற்ற வேண்டும், பன்னிரண்டு படுக்கைக்கு இரண்டே பேர், நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட ஒரு போன் மட்டும் பண்ணிக்கொள்ளட்டுமா என்று பெண் போலீசிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கோபம் வந்தது. மனுஷர் ஒன்பது பக்கம் எழுதிவைத்துவிட்டு, அதைப் படிக்க வேண்டிய கூட்டத்துக்கே பொம்மையை அனுப்புவாரா? சத்தியமாக மாட்டார். ஆனால் சத்தியத்தை வைத்து வழக்குப் போட முடியாதே...

நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"ஏட்டய்யா. அந்தத் தாவரவியல் அம்மா என்ன சொன்னாங்க?"

"பொம்பளை கேட்டா யாருக்கும் காது கேக்காதுன்னாங்க மேடம்."

"அதுக்கு முன்னாடி."

"கேள்வி கேட்டேன்னாங்க."

இருவரும் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார்கள். நாற்பத்தெட்டு வயதில் மூன்று மாடி. முகக்கவசத்தோடு.

பதிவை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். மணி மூன்று ஐம்பத்திரண்டு. பதிவாளர் வாசித்துக்கொண்டிருந்தார். தாவரவியல் தலைவியின் குரல் தெளிவாகக் குறுக்கிட்டது. "சார், ஒரு நிமிஷம். அந்த நாட்டுல இப்ப தொற்று எப்படி இருக்குன்னு நாம பார்த்தோமா?"

பதிவாளர் நிமிரவில்லை. தடுமாறவில்லை. ஒரு எழுத்துக்கூட நிறுத்தவில்லை. அந்த அம்மாவின் குரலின் மேலேயே ஏறி அவர் குரல் போனது.

"தீர்மானம் எண் ஒன்பது. ஆட்சேபணை எதுவும் எழவில்லை. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

இன்ஸ்பெக்டர் மூன்று தடவை கேட்டார். பிறகு இன்ஜினீயரிடம் பதிவாளரின் கம்ப்யூட்டரைத் துருவச் சொன்னார். அவர் பத்து நிமிடத்தில் துருவி எடுத்ததைப் பார்த்ததும் ஏட்டு சானிடைசர் பாட்டிலைக் கீழே போட்டார்.

மூன்றே முக்கால். கையெழுத்து மண்டபம். கேமரா, கொடி, தங்க நிறப் பேனா எல்லாம் தயார். திரையின் அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். துணைவேந்தரும் பதிவாளரும் புது டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், பதிவாளரிடம். "தாவரவியல் அம்மா கேட்டப்ப நீங்க ஏன் பதில் சொல்லல?"

"நெட்வொர்க் மேடம். எனக்குக் கேக்கல."

"எப்படிக் கேக்கும்? நீங்க அங்க இல்லையே. ரெண்டரையிலேர்ந்து உங்க கட்டத்துல ஓடினதும் பதிவுதான். மத்தவங்க முகத்தைத்தான் ஓட்டினாங்க. நீங்க குரலையும் சேர்த்து ஓட்டியிருக்கீங்க. முகக்கவசம் இருக்கு, வாய் அசையுதான்னு யார் பார்க்கப் போறா?"

பதிவாளர் லேசாகச் சிரித்தார்.

"ஒத்துக்கறேன் மேடம். எல்லாரும் செய்ற சோம்பேறித்தனத்தை நானும் செஞ்சுட்டேன். அது குற்றமா?"

"குற்றமே இல்ல சார். நானே இப்படி ஒரு வசதி கிடைச்சா எங்க மேலதிகாரி கூட்டத்துக்குப் போட்டுட்டுத் தூங்குவேன். ஆனா உங்க பதிவு எப்ப எடுத்ததுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. முந்தாநாள் சாயங்காலம் ஆறு பத்து."

சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதைவிட்டு விலகின.

"பதினாலு வருஷமா நீங்க பதிவாளர். ஒரு கூட்டத்துலயாவது 'ஆட்சேபணை எதுவும் எழவில்லை'ன்னு உங்களால வாசிக்க முடிஞ்சிருக்கா? நூலக நேரத்துக்கே முக்கால் மணி நேரம் பேசின மனுஷர். ஒன்பது பக்கம் எழுதி வெச்சிருக்கார். அவர் வாயைத் திறக்க மாட்டார்னு முந்தாநாளே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதிவாளர் கையுறை போட்ட கையால் டையின் முடிச்சைத் தளர்த்தினார்.

"கையுறையைக் கழட்டுங்க சார்."

கழற்றவில்லை. ஏட்டு கழற்றினார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரு சிவந்த கோடு... ஒயரை முறுக்கி இழுத்த தடம்!

அதற்குப் பிறகு பதிவாளர் சொன்னது கொஞ்சம்தான். பரீட்சைப் பிரிவும் அவர் பொறுப்பில் இருந்தது. திருத்துவதற்கு ஆள் இல்லை. பாதிப் பேர் நோயில், மீதிப் பேர் பயத்தில். நாலாயிரம் விடைத்தாளுக்கும் ஒரே இரவில் மார்க் போட்டுவிட்டார். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தாராம். அந்த மார்க் வெளிநாடுவரை போய், தன்னை இயக்குநராகவும் ஆக்கும் என்று அப்போது தெரியாது. ஆட்சேபணை சாரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் அதற்கும் ஆட்சேபணை சொல்லிவிட்டார். நேற்று இரண்டு ஐம்பதுக்கு அறைக்குப் போனார். கூட்டம் முடியும்வரை அங்கேயே இருந்து, பொத்தானை அமுக்கி, ஒன்பது பக்கத்தையும் அழித்துவிட்டு, குளிரைக் கூட்டிவிட்டு வந்தார்.

துணைவேந்தர் இன்ஸ்பெக்டரின் அருகில் வந்து, தீர்மானம் என்னவோ செல்லும்தானே என்று மெதுவாகக் கேட்டார். திரையில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு மறந்துவிட்டது.

"அதை அவங்களையே கேளுங்க சார். இருபத்தொரு பேர்ல ஒருத்தர் பொணம், ஒருத்தர் அந்தப் பொணத்துக்குப் பக்கத்துல. மீதிப் பேர் வீட்டு வேலைல. உயிரோட வந்து கேள்வி கேட்டது ஒரே ஒரு அம்மா. அவங்களுக்கும் பதில் வரல."

அந்தப் பக்கம் ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். திரை இருண்டது.

7

வராந்தாவில் அவள் எழுந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஆறடி தள்ளி நின்றுதான் பேச வேண்டும். விதி அப்படி. நாலு எட்டில் பக்கத்தில் போய்விட்டார்.

"நீங்க தட்டினப்ப அவர் உயிரோட இல்லம்மா. ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயிட்டார். உங்க குரலைக் கேட்டுட்டுத் திறக்காம இருக்கல."

காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். நிம்மதியாக அழுதாள் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அப்படித்தான் அழுதாள். இருபது நிமிடம் நின்ற வாசல் வெறும் வாசல் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் கோபம் எதுவும் மிச்சமில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடலை எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள். நாளைக் காலை என்றார் இன்ஸ்பெக்டர். அப்படியானால் இன்றைக்கு வார்டுக்குப் போகிறேன், அங்கே ஆள் இல்லை என்றாள். போலீஸ் வண்டியிலேயே கொண்டுவிடச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் இன்னொரு ஜீப் நின்றது. பின் இருக்கையில் பதிவாளர். விலங்கு பூட்டிய கையால் டையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் நிமிர்ந்தார். விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவர் இல்லையா!

"மேடம், தொற்று காலத்துல மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வீடியோவுலயே ஆஜராகலாம்னு சுற்றறிக்கை இருக்கு. எனக்கு சர்க்கரை வேற. எங்க வீட்லேர்ந்தே ஆஜராக அனுமதி கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"ஆஜர் ஆன்லைன்ல ஆகலாம் சார். ஜெயிலுக்கு மட்டும் நேர்லதான் வந்து சேரணும்... அங்க இன்னும் வீட்லேர்ந்து இருக்கிற வசதி வரல."